எத்தனை இலைன்னு கேக்கறப்பவே கல்யாணக் குப்பை முடிவாயிடுது

தம்பி கல்யாணம் முடிஞ்சதுல இருந்து சொந்தத்துலயும் ஆபீஸ்லயும் ஒரே கேள்விதான். "கிரீன் வெட்டிங் பண்ணீங்களாமே, விதைப் பத்திரிகை எங்க அடிச்சீங்க, மரக்கன்னு எந்த நர்சரில எடுத்தீங்க?" நாங்க விதைப் பத்திரிகை (மண்ணுல போட்டா முளைக்கற விதை வச்ச பேப்பர்ல அடிக்கறது) அடிக்கல, மரக்கன்னும் குடுக்கல. ரெண்டையும் குறை சொல்ல வரல, ஆசையா பண்றவங்க பண்ணட்டும். ஆனா ஒரு கல்யாணத்தால மண்ணுக்கும் தண்ணிக்கும் காத்துக்கும் ஆகற சேதாரத்துல பத்திரிகையோட பங்கு ரொம்பச் சின்னது. பெரும்பங்கு சமையக்கட்டுல இருக்கு, பந்தில இருக்கு, வந்து போற வண்டில இருக்கு, அதப் பத்தி யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. அதான் இத எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், வீட்ல கல்யாணம் வச்சிருக்கவங்க பொறுமையா படிங்க.

சமையல்காரரு வீட்டுக்கு வந்து அட்வான்ஸ் வாங்கறப்ப கேக்கற முதக் கேள்வி "எத்தனை இலைங்க?" தான். என்ன ஐட்டம், எந்த மண்டபம் எல்லாம் அதுக்கப்புறம்தான். அந்த நம்பர்லயே கல்யாணத்தோட முக்காவாசி குப்பை இருக்கு. அப்பா மனசுல ஒரு கணக்கு போட்டு ஒரு நம்பர் சொல்லுவாரு, பக்கத்துல உக்காந்திருக்க பெரியப்பா "கூட ஒரு நூறு போட்டுக்கோங்க, கடைசிப் பந்திக்கு சோறு இல்லீன்னு பேராயிடக்கூடாது"ம்பாரு, சமையல்காரரு தன் கைராசி கெட்டுடக்கூடாதுன்னு அதுக்கும் மேல கொஞ்சம் சேத்து அரிசி போடுவாரு, இப்படி மூணு பேரும் தனித்தனியா பயந்து மூணு தடவை ஏத்தினதுதான் கடைசில அண்டா அண்டாவா மிஞ்சி நிக்குது. இதுல யார் மேலயும் கோபப்பட முடியாது. சோறு பத்தாம போன கல்யாணத்தப் பத்தி எங்க ஊர்ல இருபது வருஷம் கழிச்சும் பேசுவாங்க, மிஞ்சிப்போன கல்யாணத்த மறுநாளே மறந்துடுவாங்க. அந்தப் பயத்தப் போக்காம "வீணாக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னா எந்தப் பெரியவங்களும் காதுல வாங்க மாட்டாங்க.

அதோட முத நாள் ராத்திரி ரிசப்ஷன், காலைல டிபன், மத்தியானம் சாப்பாடுன்னு மூணு வேளைக்கும் ஒரே நம்பரத்தான் போடறாங்க. ஆனா ஆபீஸ் ஆளுங்க ராத்திரியே வந்து மொய் எழுதி சாப்பிட்டுட்டு கிளம்பிடுவாங்க, காட்டுக்குள்ள குடியிருக்க வயசானவங்க ராத்திரி வர மாட்டாங்க, முகூர்த்தத்துக்குத்தான் வருவாங்க, தாயாதி பங்காளிங்க மட்டும்தான் ரெண்டு நாளும் இருப்பாங்க. பத்திரிகை வைக்கற நோட்டுலயே ஒவ்வொரு பேருக்கும் எதுத்தாப்ல ராத்திரியா, காலைலயா, ரெண்டுமான்னு குறிச்சுகிட்டு போனோம். இத எப்படி கேக்கறதுங்கறது ரொம்ப முக்கியம். "வருவீங்களா, எத்தனை பேரு?"ன்னு கேட்டா நம்ம பக்கம் சண்டையே வந்துடும். எங்க அத்தை கேட்ட விதமே வேற, "ராத்திரி வந்து தங்கிக்கறீங்களா, ரூம் சொல்லி வெக்கட்டுங்களா, இல்ல வெள்ளன டிபனுக்கு வந்துடறீங்களா"ன்னு கேட்டாங்க. உபசாரமாவும் ஆச்சு, கணக்கும் கைக்கு வந்துடுச்சு. கூட்டிப் பாத்தா அப்பா சொன்ன நம்பர விட ராத்திரிக்கும் கம்மி, மத்தியானத்துக்கு இன்னும் கம்மி. பேரோட எழுதின நோட்ட காட்டினதும் பெரியப்பாவே "சரி, அந்த நூறு வேண்டாம்"னுட்டாரு. சுற்றுச்சூழல்ங்கற வார்த்தைய நான் அந்தப் பேச்சுல எடுக்கவே இல்ல.

அடுத்தது காண்ட்ராக்ட். இலைக்கு இவ்வளவுன்னு பேசற காண்ட்ராக்ட்ல பெரும்பாலும் குறைஞ்சது இத்தனை இலைக்கு காசு குடுத்தே ஆகணும்னு ஒரு பேச்சு இருக்கும். ஆளு கம்மியா வந்தாலும் அந்தக் காசு போயிடும், "குடுத்த காசுக்கு சமைச்சுட்டுப் போகட்டும்"னு நம்மளும் விட்டுடுவோம், குறைச்சு சமைக்கணும்ங்கற அக்கறை ரெண்டு பக்கமும் யாருக்கும் வராது. பழைய முறைல சமையல்காரருக்கு கூலி மட்டும் பேசிட்டு அவரு எழுதிக் குடுக்கற மளிகை லிஸ்ட்டுக்கு நாமளே சாமான் எடுத்துக் குடுப்போம். அலைச்சல் ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். ஆனா பிரிக்காத பருப்பு மூட்டை, எண்ணெ டின்னு, முந்திரி பாக்கெட்டு எல்லாம் கடைக்காரரே திருப்பி எடுத்துக்குவாரு, மிஞ்சின அரிசி வீட்டுக்கு வந்துடும். ஒவ்வொரு படி அரிசி மிச்சமானாலும் அது நம்ம காசுங்கறதுனால சமையக்கட்டுப் பக்கம் நாலு தடவை எட்டிப் பாப்போம். நாங்க கூலிக்குத்தான் பேசினோம், முடிஞ்சா நீங்களும் அப்படியே பேசுங்க.

சமையல் மாஸ்டர் அண்ணாகிட்ட நான் தனியா கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அண்ணா, சோத்த மொத்தமா வடிக்காம பந்தி பாத்து வடிக்க முடியுங்களா?" அவரு சிரிச்சுட்டே "முன்ன அப்படித்தான் அம்மணி பண்ணிட்டிருந்தோம், இப்ப யாரு கேக்கறாங்க, பத்து மணிக்கெல்லாம் அத்தனையும் ரெடியா வெச்சு மூடிடுங்கறாங்க"ன்னாரு. உலைத்தண்ணி கொதிச்சுட்டே இருந்தா, அரிசி ஊற வச்சு ரெடியா இருந்தா, ஒரு பந்தி உக்காந்து எந்திரிக்கற நேரத்துல அடுத்த பந்திக்கு சோறு வந்துடுது. டைனிங் ஹால் வாசல்ல சித்தப்பா பையன நிறுத்தி ஒவ்வொரு பந்திக்கும் எத்தனை சேர் நிறைஞ்சுது, வெளில எத்தனை பேரு நிக்கறாங்கன்னு சமையக்கட்டுக்கு சொல்ல வச்சோம். காயும் அதே மாதிரிதான். நறுக்கின காய் மிஞ்சினா வீட்டுக்கு வீடு பிரிச்சுக்கலாம், தாளிச்சுக் கொட்டின பொரியல் மிஞ்சினா சாயங்காலத்துக்குள்ள ஊசிடும். கடைசி ரெண்டு பந்திக்கான பீன்ஸும் கேரட்டும் அடுப்புல ஏறவே இல்ல, மறுநாள் எல்லா வீட்லயும் பீன்ஸ் பொரியல்தான்.

இப்ப பந்திக்கு வரேன். இப்பல்லாம் மண்டபத்துல கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே இலை நிறைய பரிமாறி முடிச்சுடறாங்க, கவனிச்சிருக்கீங்களா? ரெண்டு ஸ்வீட்டு, வடை, சிப்ஸ், பச்சடி, கூட்டு, பொரியல், வறுவல், ஒரு கலந்த சாதம், அப்பளம். ஆளு உக்காந்ததும் சோறு, சாம்பார்னு வேகமா ஓடறதுக்கு இது வசதி. ஆனா அஞ்சு வயசுக் கொழந்தை உக்காந்தாலும் அதே இலை, சுகர் மாத்திரை போடற தாத்தா உக்காந்தாலும் அதே இலை, மூணு மணி நேரம் முன்னாடி டிபன் சாப்பிட்டவங்க உக்காந்தாலும் அதே இலை. "போதும், வேண்டாம்"னு கை மறிக்க ஆளே இல்லாத நேரத்துல போட்ட சாப்பாடு அது. பந்தி முடிஞ்சு போய் நின்னு பாத்தா தொடாத ஜாங்கிரி, கடிக்காத வடை, கலந்த சாதத்து குவியல் எல்லாம் வச்ச மேனிக்கே இருக்கும்.

நாங்க உப்பு, ஊறுகா, ஒரு ஸ்வீட்டு மட்டும் முன்னாடியே வச்சோம். மத்தது எல்லாம் ஆளு உக்காந்தப்புறம், கேட்டு, கொஞ்சமா, வேணும்னா மறுபடி. "வெறும் இலை முன்னாடி உக்கார வெக்கறதா"ன்னு பெரியம்மா சங்கடப்பட்டாங்க, அவங்களுக்காகத்தான் அந்த ஸ்வீட்டு. கொழந்தைங்களுக்கு சின்ன இலையா போட்டோம். இதுக்கு வரிசைக்கு பரிமாற ஆளு கூட வேணும், அது உண்மை. தம்பியோட காலேஜ் ஃப்ரெண்ட்ஸும் மாமா பசங்களும் துண்டு கட்டிட்டு வாளிய தூக்கிட்டாங்க. நம்ம வீட்டு விசேஷத்துக்கு நம்ம ஆளுங்களே பரிமாறறது இந்தப் பக்கம் இருந்த வழக்கம்தானே, சொந்தக்காரங்களுக்கும் மாமன் மச்சான் கையால சாப்பிட்டதுல ரொம்ப சந்தோஷம், "சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்து மாப்ள"ன்னு உரிமையா கேட்டு சாப்பிட்டாங்க.

சோத்துக்கு நான் ஏன் இவ்வளவு எழுதறேன்னு தோணலாம். ஒரு கிலோ நெல்லு விளைய சராசரியா 2,500 லிட்டர் தண்ணி வேணும்னு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தோட கணக்கு இருக்கு. எங்க அப்பிச்சி (அம்மாவோட அப்பா) கீழ்பவானி வாய்க்கா பாசனத்துல நெல்லு போட்டவரு, முறைத்தண்ணி எப்ப வரும்னு ராத்திரில லாந்தர எடுத்துட்டு மடை மடையா நடந்தவரு. அந்தத் தண்ணிதான் அண்டாவுல மிஞ்சி நிக்கறது. தண்ணி கட்டின வயல்ல இருந்து மீத்தேன் வரும், மிஞ்சின சோறு குப்பைமேட்டுல காத்துப் போகாம அழுகறப்ப மறுபடி மீத்தேன் வரும், நூறு வருஷக் கணக்குல பாத்தா பூமிய சூடாக்கறதுல அது கார்பன் டை ஆக்ஸைட விட ஏறக்குறைய 28 மடங்கு. 2022ல உலகம் பூரா வீட்லயும் ஓட்டல்லயும் கடைலயும் வீணான சாப்பாடு 105 கோடி டன்னுன்னு ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல அறிக்கை போட்டுச்சு, அதாவது மக்கள் கைக்கு வந்த சாப்பாட்டுல 19 சதவீதம். கோயம்புத்தூர்க்காரங்களுக்கு வெள்ளலூர் குப்பைக் கிடங்கப் பத்தி சொல்லத் தேவையில்ல, 2024 ஏப்ரல்ல நாள் கணக்கா எரிஞ்சுது, அந்தப் பக்கம் குடியிருக்கவங்க ஜன்னலத் திறக்க முடியாம கிடந்தாங்க. நம்ம முகூர்த்த நாள் சோறும் அங்கதான் போய்ச் சேருது.

இவ்வளவு பாத்தும் மிஞ்சத்தான் செய்யும், சுத்தமா மிஞ்சாம எந்தக் கல்யாணமும் நடக்காது. கோயம்புத்தூர்ல 2014ல ஆரம்பிச்ச நோ ஃபுட் வேஸ்ட்னு ஒரு அமைப்பு இருக்கு, கல்யாணம் காச்சில மிஞ்சறத வாங்கி தேவைப்படறவங்களுக்கு கொண்டுபோய் குடுக்கறாங்க. இந்த மாதிரி அமைப்புங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, எல்லாம் முடிஞ்சு சாயங்காலம் நாலு மணிக்கு ஞாபகம் வந்து கூப்பிட்டா அதுக்குள்ள சாம்பார் கெட்டிருக்கும். பாத்திரத்துல தொடாம இருக்கறத தனியா மூடி வைக்க ஒருத்தர பொறுப்பா போடணும், பரிமாறற வாளில இருந்து மிச்சத்த திருப்பி அண்டாவுல கொட்ட விடக்கூடாது. வாங்கி சாப்பிடறவங்களும் நம்மள மாதிரி மனுஷங்கதான், நம்ம கொழந்தைக்கு குடுக்க மாட்டோம்னு நினைக்கறத அவங்களுக்கும் குடுக்காதீங்க.

அடுத்து தண்ணி பாட்டில். எனக்கு மனசு ரொம்ப வலிக்கறது இதுலதான்.

தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கு. பிளாஸ்டிக் டம்ளர், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பு, தண்ணி பாக்கெட்டு, டேபிள் மேல விரிக்கற பிளாஸ்டிக் ஷீட்டு எல்லாம் அந்த லிஸ்ட்டுல உண்டு. சின்ன தண்ணி பாட்டில் அதுல இல்ல. டம்ளர் போன இடத்துல பாட்டில் வந்து உக்காந்துடுச்சு, இலைக்கு ஒண்ணு. பாதி குடிச்சுட்டு பாதி அப்படியே விட்டுட்டு எந்திரிப்பாங்க. பந்தி முடிஞ்சதும் என்ன நடக்குதுன்னு ஒரு தடவை நின்னு பாருங்க. டேபிள் மேல விரிச்ச பேப்பர் ரோல ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் புடிச்சு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு சுருட்டிகிட்டே போவாங்க. இலை, மிச்ச சோறு, ரசம், பாதித் தண்ணியோட பாட்டில், ஐஸ்கிரீம் கப்பு, பிளாஸ்டிக் ஸ்பூனு, டிஷ்யூ எல்லாம் அந்தச் சுருட்டலுக்குள்ள போயி ஒரே மூட்டையா நீல டிரம்முக்குள்ள விழும். அரை நிமிஷ வேலை. அதுக்கப்புறம் அதப் பிரிச்செடுக்க எந்தத் தூய்மைப் பணியாளராலயும் முடியாது, அவங்க கையால பிரிக்கணும்னு எதிர்பாக்கறதும் அநியாயம். மாடு திங்கற இலையும் உரமாகற சோறும் மறுபடி உருக்கக்கூடிய பாட்டிலும், தனித்தனியா இருந்தா மூணுக்கும் போக ஒரு இடம் இருந்திருக்கும், சுருட்டினதால மூணும் வெள்ளலூருக்குப் போயிடுது.

அதனால பேப்பர் ரோலே வேண்டாம்னுட்டோம், டேபிள் கல்லுதான், பந்திக்குப் பந்தி தொடைச்சா போதும். தண்ணிக்கு எவர்சில்வர் டம்ளர். வாடகைப் பாத்திரக் கடைல சமையல் பாத்திரத்தோட சேத்தே எடுத்துட்டோம், கழுவறதுக்கு தனியா ஆளுங்க, அவங்களுக்கு நல்ல கூலி, சுடுதண்ணி, சபீனா, கவுத்து வைக்க மூங்கில் கூடை. கழுவின தண்ணி மண்டபத்துக்குப் பின்னாடி தென்னமரத்துக்குப் போற மாதிரி மடை கட்டி விட்டாங்க. குடிக்கறதுக்கு ஆர்ஓ கேன், ஜக்குல எடுத்துட்டு வந்து ஊத்தறது. கூலியெல்லாம் சேத்து பாட்டிலுக்கு ஆகற செலவு கிட்டத்தட்ட வந்துடுச்சு, அதனால காசு மிச்சமாகும்னு நான் சொல்ல மாட்டேன். "எச்சி டம்ளர்ல எப்படிக் குடிக்கறது"ன்னு முகம் சுளிப்பாங்கன்னு வீட்ல பயந்தாங்க, ஆனா நம்ம ஆளுங்க பாதிக்கு மேல அண்ணாந்துதான் குடிக்கறாங்க, யாரும் ஒரு வார்த்தை சொல்லல. பச்சைக் கொழந்தை வச்சிருந்தவங்க வீட்ல இருந்தே பாட்டில் கொண்டு வந்திருந்தாங்க. இதெல்லாம் நடக்கற காரியமான்னு கேக்கறவங்க கொஞ்சம் மேல ஏறி ஊட்டிப் பக்கம் பாருங்க, நீலகிரி மாவட்டத்துல 2019ல இருந்தே சின்ன தண்ணி பாட்டிலுக்குத் தடை, அங்கயும் கல்யாணம் நடந்துட்டுதான் இருக்கு. கேரளாவுல 2015 தேசிய விளையாட்டுப் போட்டிய கிரீன் புரோட்டோகால்ங்கற பேர்ல தூக்கிப் போடற பொருள் இல்லாம நடத்தினாங்க, அதே முறைய கல்யாண மண்டபத்துக்கும் கொண்டு போயிருக்காங்க.

இலை விஷயத்துல ஒண்ணு சொல்லணும், இத நிறைய பேரு கவனிக்கறதில்ல. "சாப்பிட்ட இலைய மாட்டுக்குப் போட்டுட்டோம்"னு பெருமையா சொல்லுவாங்க. இலை, காய்த்தோலு, வாழைத்தண்டு இதெல்லாம் மாடு நல்லா திங்கும். ஆனா இலையோட சேந்து மிச்ச சோறும் ஸ்வீட்டும் ஒரே நேரத்துல நிறைய உள்ள போனா மாட்டுக்கு வயித்துல புளிச்சுப் போயி வயிறு உப்பிக்கும், உசுருக்கே ஆபத்தாயிடும், மாடு வச்சிருக்க எந்த வீட்டுலயும் கேட்டுப் பாருங்க. உள்ள ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் சிக்கியிருந்தா அது இன்னொரு கொடுமை. அதனால இலைய மடிச்சு எடுக்கறப்பவே சோத்த ஒரு டிரம்முல வழிச்சுட்டு, இலைய மட்டும் தனியா கட்டி பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்குக் குடுத்தோம். வழிச்ச சோறு அதே தோட்டத்து எருக்குழிக்குப் போச்சு. மண்டபம் ஊருக்கு வெளில இருந்தது இதுக்கெல்லாம் வசதியாப் போச்சு, டவுனுக்குள்ள மண்டபம் புடிச்சிருந்தா இது இவ்வளவு சுளுவா நடந்திருக்காது.

தாம்பூலப் பை. கடைல போயி துணிப்பைன்னு கேட்டா பளபளன்னு கலர் கலரா ஒண்ணு எடுத்துப் போடுவாங்க, தொட்டா துணி மாதிரியே இருக்கும். அது துணி இல்ல, நான்-ஓவன் (non-woven), அதாவது நெய்யாம பாலிப்ரோப்பிலீன்ல பண்றது, சுத்தமான பிளாஸ்டிக். தமிழ்நாட்டு 14 லிஸ்ட்டுலயும் அது இருக்கு. சந்தேகமா இருந்தா ஓரத்துல ஒரு துண்டு கிழிச்சு நெருப்புல காட்டிப் பாருங்க, பருத்தின்னா பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும், இது சுருங்கி உருகி சொட்டும். நாங்க சோமனூர்ப் பக்கம் தறில இருந்து காடாத் துணி எடுத்து தெச்சோம். ஆனா பருத்திப் பைன்னா உடனே நல்லதுன்னும் இல்ல. ஒரு தடவை தூக்கிப் போடற பிளாஸ்டிக் கவர விட பருத்திப் பை பருவநிலைக்கு நல்லதாகணும்னா குறைஞ்சது 50ல இருந்து 150 தடவையாவது அத உபயோகிக்கணும்னு ஐநா ஆய்வுல இருக்கு, பருத்தி விளைவிக்கறதுக்கும் சாயம் போடறதுக்கும் அவ்வளவு தண்ணியும் கரண்டும் போகுது. அதனால பை மேல பொண்ணு மாப்ள போட்டோ, பேரு, தேதி எதுவும் போட வேண்டாம்னு தம்பிகிட்ட சொன்னேன். அடுத்தவங்க போட்டோ போட்ட பைய எடுத்துட்டு யாரும் காய்கறிக் கடைக்குப் போக மாட்டாங்க. சாயம் போடாத வெள்ளைப் பை, ஓரத்துல மஞ்சக் கரை, நல்ல கனமான காது. இப்ப எங்க தெரு உழவர் சந்தைக்கு அதோடதான் போகுது. தேங்காயும் வெத்தலை பாக்கும் கைலயே வாங்கிக்கறோம்னவங்களுக்கு கைலயே குடுத்தோம்.

ஃப்ளெக்ஸ் பேனர் வைக்கவே இல்ல. 2019 செப்டம்பர்ல சென்னை பள்ளிக்கரணைல ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ரோட்டு நடுவுல கட்டின பேனர் ஸ்கூட்டர்ல போயிட்டிருந்த 23 வயசுப் பொண்ணு மேல விழுந்து, பின்னாடி வந்த லாரி ஏறி அந்தப் பொண்ணு செத்துப் போச்சு. அதுக்கப்புறமும் ஒரு கல்யாணத்துக்கு பேனர் கட்டணும்னு எப்படித் தோணுதுன்னு எனக்குப் புரியல. ஃப்ளெக்ஸ்ங்கறது பாலியெஸ்டர் மேல பூசின பிவிசி, கல்யாணம் முடிஞ்சா கொஞ்ச நாள் யாராவது கூரை மேல போடுவாங்க, அப்புறம் ஒரு நாள் எரிப்பாங்க, பிவிசி எரிஞ்சா வர்ற புகைல டயாக்ஸின்ங்கற விஷம் இருக்கு. தம்பி ஃப்ரெண்ட்ஸ் "சிரிச்ச மாதிரி போட்டோ போட்டு ஒண்ணே ஒண்ணு அக்கா"ன்னு கெஞ்சினாங்க. வாசல்ல அண்ணி போட்ட கோலத்துல ரெண்டு பேரு பேரையும் எழுத விட்டோம், அது முன்னாடி நின்னு எல்லாரும் போட்டோ எடுத்துகிட்டாங்க.

மேடை அலங்காரம், வாழைமரம், தென்னங்குருத்து தோரணம், பாக்குக் குலை, சத்தி சம்பங்கி. அவ்வளவுதான், இதுல புதுசா சொல்ல எதுவும் இல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை, வெளியூர்ப் பூ வச்சு பொக்கே மாதிரி பண்றவங்க பூவ சொருக பச்சைக் கலர்ல ஒரு ஸ்பாஞ்சு வைப்பாங்க, தண்ணி குடிச்சு கனமா இருக்கும், அது பீனாலிக் ஃபோம், விரலால நசுக்கினா பொடிப்பொடியா உதிர்ற பிளாஸ்டிக், அது வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. பட்டுச் சேலை முகூர்த்தத்துக்கு ஒண்ணு எடுத்தோம், ரிசப்ஷனுக்கு பொண்ணு அவங்கம்மாவோட கல்யாணச் சேலையக் கட்டிகிட்டா, அது அந்தப் பொண்ணா எடுத்த முடிவு. அமுச்சிகிட்ட (அம்மாவோட அம்மா) இருந்த பழைய அட்டிகைய அழிச்சு தாலிக்கொடிக்குச் சேத்துகிட்டோம், புதுத்தங்கம் வெட்டி எடுக்கற சுரங்கத்துல சயனைடும் பாதரசமும் படுத்தற பாடு தெரிஞ்சா பழைய நகை மேல தனிப் பிரியம் வந்துடும்.

கடைசியா வண்டி. பத்திரிகை, பை, பேனர் எல்லாத்தையும் சேத்தாலும் இதுகிட்ட வராது. சென்னைல இருந்து கோயம்புத்தூர் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கற பெட்ரோல் கார்ல ஒருத்தரோ ரெண்டு பேரோ வந்துட்டுப் போனா கிட்டத்தட்ட 67 லிட்டர், ஒரு லிட்டர் எரிஞ்சா 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுன்னா 150 கிலோவத் தாண்டுது, அது ஒரே ஒரு கார். சொந்தக்காரங்களக் கூப்பிடாம இருக்க முடியுமா? முடியாது, இருக்கவும் கூடாது. ஆனா ஏன் கார்ல வர்றாங்கன்னு பாத்தா நிறைய பேருக்கு ரயில்ல டிக்கெட் கிடைக்காததுதான் காரணம். பத்திரிகை வர்றதே ஒரு மாசம் முன்னாடி, ரயில் புக்கிங் 60 நாளைக்கு முன்னாடியே திறந்துடுது, முகூர்த்த வாரம்னா சேரன், நீலகிரி எக்ஸ்பிரஸ் ரெண்டுலயும் அன்னிக்கே வெயிட்டிங் லிஸ்ட்டுதான். அதனால தேதி குறிச்ச உடனே, பத்திரிகை அடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, சென்னை பெங்களூர் ஆளுங்களுக்கு போன் பண்ணி "இன்னிக்கு புக்கிங் திறக்குது, போட்டுடுங்க"ன்னு சொன்னோம். ஸ்டேஷன்ல இருந்து மண்டபத்துக்கு ஒரு வேன். ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு ரெண்டு பஸ்ஸு, அதுல பாட்டும் சிரிப்புமா வந்தவங்கதான் கல்யாணத்துலயே ரொம்ப சந்தோஷமா இருந்தவங்க. அதோட பொண்ணு வீட்டு ஊர்ல ஒண்ணு, நம்ம ஊர்ல ஒண்ணுன்னு ரெண்டு ரிசப்ஷன் வைக்கறதா இருந்தத ஒண்ணா ஆக்கினோம். ரெண்டு மண்டபம், ரெண்டு ஜெனரேட்டர், ரெண்டு தடவை அதே ஆளுங்க அதே ரோட்டுல போறது எல்லாம் அதுலயே போச்சு. தாராபுரத்துல சம்பந்திகிட்ட இதப் பேசறதுதான் எல்லாத்தையும் விட கஷ்டமா இருந்துச்சு, அப்பாவும் பெரியப்பாவும் நேர்ல போயி, செலவ ரெண்டு வீடும் பாதி பாதி ஏத்துக்கலாம்னு பேசி, பொண்ணு வீட்டு வகையறாவுக்கு பஸ் செலவு நம்மளதுன்னு சொல்லி, அவங்க பெரியவங்களுக்கு மேடைல முதல் மரியாதைன்னு முடிவாகி, அதுக்கப்புறம்தான் அவங்க மனசு ஒத்துகிட்டாங்க.

சித்தப்பா பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. இலைக் கணக்கு நோட்டும் காடாத்துணிக்காரர் நம்பரும் சித்திகிட்ட குடுத்தாச்சு, மாஸ்டர் அண்ணாவும் தேதிய குறிச்சுகிட்டாரு. ஆனா அவங்க புடிச்சிருக்க மண்டபத்துல தண்ணி பாட்டில் மண்டபத்துக்காரங்ககிட்டயேதான் வாங்கணும், வெளில இருந்து கேன் கொண்டு வரக்கூடாதுன்னு சொல்றாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நானும் சித்தப்பாவும் மேனேஜரப் பாக்கப் போறோம், பாட்டில் வாங்கலன்னாலும் அவங்களுக்கு வர வேண்டிய லாபத்த வாடகையோட சேத்துக் குடுத்துடறோம், டம்ளர் வைக்க விடுங்கன்னு கேக்கலாம்னு இருக்கோம். இந்த மாதிரி மண்டபத்துல பேசி மாத்தினவங்க யாராச்சும் இருந்தா எப்படிப் பேசினீங்கன்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்குச் சொல்லுங்க.